ஏழு நிமிடம்

பிரசவ அறைச் சுவர்க் கடிகாரம்
பேர்ணாம்பட்டுத் தோல் மண்டிக்காரர் ஒருவர்
மகள் பிழைத்ததற்காகக் கொடுத்தது.
ஏழு நிமிடம் முந்தி ஓடும்.
திருத்த ஏணி வேண்டும்.
ஏணியைத் தண்ணீர்த் தொட்டி கட்டியவர்கள்
கொண்டுபோனார்கள், தொட்டி வந்துவிட்டது,
ஏணி வரவில்லை.

மேல்பட்டியைத் தாண்டும் பெங்களூர் ரயிலை வைத்துச்
சரிபார்க்கலாம் என்றால்
அது கடிகாரத்தைவிடப் பொய்.
ஆகவே கழித்துக்கொள்கிறேன்.
இரண்டு கையும் ரத்தத்தில் இருக்கும்போது
ஏழைக் கழிப்பது
பள்ளிக்கூடக் கணக்கல்ல.

"இன்னா நேரம் நர்ஸம்மா, கரெக்டா சொல்லு."
கதவிடுக்கில் மாமியார்களின்
மூக்குத்தி மட்டும் தெரியும்.
குடியாத்தத்தில் ஒருவர்
கட்டம் போடக் காத்திருக்கிறார்.
எதைச் சொல்ல?
உச்சந்தலை தெரிந்ததையா,
தோள் திரும்பி
என் மணிக்கட்டில் வழுக்கி விழுந்ததையா,
அழுததையா,
கொடியில் துடிப்பு அடங்கியதையா?
பதிவேட்டில் இருப்பது ஒரே கோடு.

ஷமீமா வீட்டில் நேரம் கேட்கவில்லை.
காதில் பாங்கு சொல்லி முடிக்கும்வரை
யாரும் பேசாதீர்கள் என்றார்கள்.
சொன்னவனுக்குத்தான் தொண்டை அடைத்தது.

நேரமே கேட்காத வீடும் உண்டு.
வெள்ளைத் துணி இருக்கிறதா என்று
மெதுவாகக் கேட்பார்கள்.
இருக்கிறது. எப்போதும் ஒன்று
மடித்து வைத்திருக்கிறேன்.

கத்திரி வெயிலின் பதினோராம் நாள்.
இரவு ஒரு மணிக்கும் சுவர் சுட்டது.
நூற்றெட்டுக்குக் காத்திராமல்
தம்பியின் எக்ஸெல் வண்டியில் வந்து இறங்கினாள் அமுலு.
பீடி சுற்றும் விரல்கள்.
வலி எழும்பினால் எண்ணுவாள்,
இருபத்தைந்து வந்ததும்
கட்டுக்கு நூல் சுற்றுவதுபோல்
என் புடவை முனையை முறுக்குவாள்.
"எத்தினி கட்டு ஆச்சு?" என்றேன்.
"மொதலாளிக்கிச் சொல்லாத," என்றாள்.

அவள் மாமியார் சின்னபாப்பா
வாசலில் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தாள்:
ரெண்டு உயிரா பிரிச்சிக் குடு, தாயே.
அம்மனிடம் கேட்டது.
கேட்ட திசையில் நான் நின்றிருந்தேன்.

தலை வந்தது.
கழுத்தில் கொடி, இரண்டு சுற்று.
"முக்காத. ஊது. அடுப்பு ஊதற மாதிரி ஊது."
ஊதினாள்.
ஒரு சுற்றைத் தலைவழியே கழற்றினேன்.
இரண்டாவது
ஈரக் கயிறுபோல் இறுகி இருந்தது,
விரல் நுழைய இடம் தேடினேன்,
கிடைத்தது.

பிள்ளை நாவல்பழ நிறம்.
துவண்டிருந்தது.
முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைத் தட்டினேன்.
பிறகு முகமூடி வைத்து
பிழி, ரெண்டு, மூணு.
பிழி, ரெண்டு, மூணு.
"அழுவுதா?" என்றாள் அமுலு.
பிழி, ரெண்டு.
"நர்ஸம்மா, அழுவுதா?"

முதலில் தும்மியது.

சுவரில் இரண்டு நாற்பத்தொன்று.
எழுதினேன்: இரண்டு முப்பத்துநான்கு, பெண்.
கேஸ் ஷீட்டில், டாக்டருக்கு,
கொடியின் இரண்டு சுற்றையும் எழுதினேன்.

கதவிடுக்கில் மூக்குத்தி.
நேரம் வாங்கிக்கொண்டது.
போகவில்லை.
"மாலை கீலை போட்டுகினு பொறந்துச்சா?"

மாலை போட்டுப் பிறந்தால்
மாமனுக்கு ஆகாது.
எண்ணெயில் நிழல் காட்டிய பிறகே
முகம் காட்டுவார்கள்.
அந்த மாமன்
வெளியே புளியமரத்தடியில் நிற்கிறான்,
ரத்தினம், பத்தொன்பது வயது,
அவசரத்தில் ஒரு காலில் செருப்பில்லை.
நாளை இவளைக் காது குத்த
உட்காரவைக்க வேண்டிய மடி.

"இல்ல," என்றேன்.

அமுலு என்னைப் பார்த்தாள்.
ஊதச் சொன்னபோதே
அவளுக்குத் தெரிந்திருக்கும்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிள்ளையின் கைவிரலை எண்ணினாள், கால்விரலை எண்ணினாள்.
"இருபதுதான் கீது.
கட்டுக்கு அஞ்சு கொறையுது, நர்ஸம்மா."

சிரித்தால் தையல் வலிக்கும் என்றேன்.
இருவரும் சிரித்தோம்.

அப்போதுதான் வெளியே
எக்ஸெல் அணைந்த சத்தம் கேட்டது.
இவ்வளவு நேரமுமா
ஓடிக்கொண்டிருந்தது?